கார் குடித்த பெற்றோல்

“ஹலோ... ஹலோ! வைக்காதீங்க, யாக்கோப்பண்ணன், வைக்காதீங்க... நான் எங்க உங்களக் குத்தம் சொன்னநான்?... இல்ல... இல்ல, கேளுங்க... நான் ஒரு சொல்லு சொல்லக்குள்ள நீங்க ஒம்பது சொல்லுறீங்க... ஓம், ஓம், காபரேற்றரக் கழட்டிக் கழுவித் தந்தது நீங்கதான்... நல்ல வேலதான், ஆரு இல்லெண்ட?... அண்ணன், கொஞ்சம் வாய மூடிக்கிட்டுக் கேளுங்களன்!”

கடைக்குள் நின்றவர்கள் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்கள். ஆற்றைக் கடக்கும் துறைக்கு இறங்கும் சந்தியில் நல்லரத்தினம் வைத்திருந்த கொமினிகேசன் கடை அது. பலகையால் அடைத்த ஒரு கூடு, அதற்குக் கதவு கிடையாது. கூட்டுக்குள் நின்று பேசுகிறவரின் பேச்சு, வாங்கில் குந்தியிருப்பவரின் மடியில் போய் விழும். அன்னப்பூரணி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கத்தியது தான்தானா என்று அவளுக்கே ஐமிச்சமாக இருந்தது. நேற்றிலிருந்து உடம்பு மரத்துப்போய்க் கிடந்தது. கிள்ளினால் வேறு யாரையோ கிள்ளின மாதிரி. அதற்குள்ளிருந்து இப்படி ஒரு குரல் எங்கே கிடந்து எழும்பியது?

“...ம். இப்ப கேக்குறீங்கதானே. சரி. தம்பியப் புடிச்சி வெச்சிருக்காங்க அண்ணன்... அழகரத்தினத்தத்தான். எனக்கு வேற எத்தின தம்பி?... துறையில. ஆமி சென்றியில... காரோடதான். கார் வெளியில நிக்கிது, அவன் உள்ளுக்க இருக்கான்... அடிச்சாங்களோ என்னவோ, எனக்குத் தெரியா. சத்தம் ஒண்டும் வரல்ல... பெற்றோலுக்கு. ஓம், பெற்றோலுக்குத்தான்.”

யாக்கோப்பு டவுனில் கராச் வைத்திருக்கிறவர். அழகரத்தினத்தின் பழைய ஹயரிங் காருக்குக் காய்ச்சல் வந்தாலும் அவர்தான், கால் முறிந்தாலும் அவர்தான். அன்னப்பூரணி எடுத்த எடுப்பில், ‘நீங்க பாத்துத் தந்த கார் பெற்றோலக் குடிக்கிது’ என்று தொடங்கிவிட்டாள். மனிசனுக்கு அது போதும். தன் வேலையில் குறை சொன்னால் கோயில் சாமியென்றும் பார்க்கமாட்டார்.

“கேளுங்க. அந்தப் பக்கம் போற காருக்கெல்லாம் பெற்றோல் தாங்கிக்குள்ள கம்பு விட்டுப் பாக்கிறவங்கதானே... அதுதான். போகக்குள்ள எவ்வளவுக்கு நனைஞ்சி வந்திச்சோ அந்த இடத்தில கத்தியால ஒரு கீறு. வரக்குள்ளயும் விட்டுப் பாப்பாங்க. நேத்துப் போகக்குள்ள அரைவாசிக்கு மேல நனைஞ்சி வந்த கம்பு, இண்டைக்கு வரக்குள்ள நுனி மட்டுந்தான் ஈரம்... கொக்கட்டிச்சோலை மட்டுக்குந்தான் போன நாங்க. அங்கால ஒரு சுத்துச் சுத்தல்ல... நான் பக்கத்தில இருந்தநான், எனக்குத் தெரியாதா?... அதத்தான் ஆமிக்காரனும் கேக்கான். எங்க இறக்கின, ஆருக்குக் குடுத்த எண்டு. நான் அங்க இருந்த மட்டும் அதுதான் கேள்வி.”

அவள் மூச்செடுத்துக்கொண்டாள்.

“...தம்பி சத்தியம் பண்ணினான். சொட்டும் குடுக்கல்ல, கார்ல பழுது எண்டான். அப்ப அந்தப் பெரியவன் சொல்றான், பழுதெண்டா மெக்கானிக் பாஸ் ஒருத்தன் வரட்டும், எனக்கு முன்னால கழட்டிக் காட்டட்டும், காட்டினா விடுறன் எண்டு... ஓம், அப்பிடித்தான் சொன்னான். தமிழில மாத்திச் சொல்ற ஆள் தெளிவாச் சொன்னான்... பின்னேரம் ட்ரக் வரும் அண்ணன். அதுக்குள்ள காட்டணும். ட்ரக் வந்தா ஏத்திப்போடுவாங்க... எங்கயா? கோணாமலையர மகன ஏத்தினாங்களே, எங்க எண்டு ஆருக்காவது தெரியுமா?”

அந்தப் பெயருக்கு எல்லாரும் அடங்குவார்கள்.

வாங்கில் ஒருவன் இருந்தான். மேலுக்கு வெள்ளைச் சேர்ட்டு, கீழே பொலிஸ் சப்பாத்து. வீட்டுக்குக் கோல் எடுக்க வந்து தன் முறைக்குக் காத்திருந்தான். தமிழ் தெரியுமா தெரியாதா என்பது தெரியாது. நல்லரத்தினம் அவனுக்கு ஒரு சோடா உடைத்துக் கொடுத்துவிட்டு, அன்னப்பூரணியைப் பார்த்துக் கண்ணால் ஒரு வெட்டு வெட்டினான். பார்த்துக் கதை என்று அர்த்தம்.

“...வர ஏலாதெண்டா என்ன கதை?... சரி. சரி அண்ணன், கோவிக்காதீங்க. முதல்ல என்ன பழுதெண்டு பாப்பம். நீங்க கேளுங்க, நான் சொல்றன். மறுகா வாறதப் பத்திக் கதைப்பம்.”

ஒரு பழுது இருந்தால் போதும். பிள்ளைக்கு என்ன வருத்தம் என்று டொக்டர் சொல்லும்வரை வாசலில் நிற்கிற தாய் மாதிரி அவள் நின்றாள். பெரிய பழுதோ சின்னப் பழுதோ, பெயர் சொல்லக்கூடிய ஒன்று.

“மணமா?... இல்ல, பெற்றோல் மணம் வரல்ல. வந்தா எனக்கு வயித்தப் புரட்டிச் சத்தி வரும், உங்களுக்குத் தெரியும்தானே... அடியில ஒழுக்கா? அதுவும் பாத்தாங்க. ஒரு ஆமிக்காரப் பொடியன் மண்ணில மல்லாக்கப் படுத்து டோர்ச் அடிச்சிப் பாத்தான். பைப்பெல்லாம் காஞ்சுபோய்க் கிடக்காம்... புகை? கறுப்பா ஒண்டும் வரல்ல. எப்பவும் வாற புகைதான்... சைலன்சருக்குள்ள விரல விட்டுப் பாக்கவா? நல்லாச் சொன்னீங்க. காரடியில போனா என்ட விரல் என்னோட திரும்பி வராது.”

“...சோக்கா? அந்த இழுக்கிற குமிழ்தானே... உள்ளுக்கதான் இருந்த... எப்பிடித் தெரியுமெண்டா, வெளிய வந்து நிண்டா நான் அதில பையக் கொழுவுறநான். நேத்துக் கொழுவ இடமில்லாம மடியில வெச்சிருந்தநான்... ஏசாதீங்க அண்ணன். ஏசாதீங்க... ஓம், இத்தின நாளும் கொழுவினநான்தான்... ஓம், கார் பெற்றோல் குடிக்கும்தான்... தம்பியும் சொன்னவன்தான். இனிக் கொழுவல்ல. நேத்துக் கொழுவல்ல எண்டுதானே சொல்றன்.”

வாங்கில் சோடா குடித்துக்கொண்டிருந்தவனின் உதட்டோரம் இலேசாக அசைந்தது. தமிழ் தெரியும்போலத்தான் இருந்தது. அல்லது சோடாவின் காரம்.

“...ப்ரேக் புடிச்சிக்கிட்டா? இல்ல. ஆத்தக் கடக்கிற பாதை மிதவையில இருந்து இறக்கக்குள்ள தோணிக்காரர் ரெண்டு பேர் பின்னால தள்ளினாங்க. பெரிசாத் தள்ளாமலே தன்பாட்டில உருண்டு வந்த... டயருக்குக் காத்தா? நாவற்குடாச் சந்தியில அடிச்சிக்கிட்டுத்தான் போன நாங்க... ஆக்களா? நானும் அவனும்தான். சாமான் எண்டா ஒரு பை. தேங்காய், பழம், கற்பூரம்... இரவைக்கு ஆரும் குழாய் விட்டு உறிஞ்சியிருப்பாங்களா? தம்பி காருக்குள்ளதானே படுத்தவன். அவன்ட நித்திரை உங்களுக்குத் தெரியும், நுளம்பு இருமினாலும் எழும்பிருவான்.”

“...என்ன? கார் எப்பிடி நிண்ட எண்டா?... ஓ, கம்பு விடக்குள்ளயா. மேட்டில, மூக்க மேல வெச்சிக்கிட்டு... இல்ல, நேத்தும் அப்பிடித்தான். அதே இடம். துறையில கார் நிப்பாட்ட வேற இடம் எங்க இருக்கு?... ஓம், நல்ல யோசினைதான். நானும் ஒரு நிமிசம் சந்தோசப்பட்டநான்.”

அவர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க அவள் ஒவ்வொன்றாக இல்லை என்றாள். இல்லை என்று சொல்லச் சொல்ல, கார் சுகதேகியாகிக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம் போனால் புதுக் காராகிவிடும்போல. அழகரத்தினம்தான் அங்கே உள்ளே இருந்தான்.

“...ஓம், கோயிலுக்குத்தான். ஒரு நேத்தி இருந்த... ம்... ம். திருநீறெல்லாம் கொண்டாந்திருக்கன்.”

கோயிலுக்குப் போனது என்பது துறையில் சொன்ன சொல். அன்னப்பூரணியின் நெற்றியில் திருநீறு இருந்தது, பையில் பிரசாதப் பழம் இருந்தது, உடம்பில் பச்சைச் சேலை இருந்தது. ஆனால் அவள் கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. துடக்குக்காரி, தீட்டுப்பட்டவள், எப்படி வைப்பாள்? வீதியில் நின்று, முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் கெஞ்சி, உள்ளேயிருந்து திருநீறு வாங்குவித்தாள். சென்றியில் காட்ட ஏதாவது வேண்டுமே.

அவளுடைய மூத்தவள் தவமலர் இயக்கத்தில் இருந்தாள். வெல்லாவெளிப் பக்கத்தில் நடந்த சண்டையில் போய்விட்டாள். செய்தி ஒரு மீன்காரியின் வாயால் வந்தது. பிள்ளையைக் கொக்கட்டிச்சோலைக்குக் கொண்டுவந்து, ஒரு பள்ளிக்கூட வளவில் கொட்டகை போட்டு வைத்திருக்கிறார்கள், முகம் பார்ப்பதென்றால் வரட்டும் என்று. தாயும் தாய்மாமனும் போனார்கள். பார்த்தார்கள். அடக்கம் செய்ததைக் கண்டார்கள். திரும்பி வந்தார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஆமியின் கையிலிருந்த எழுவான்கரைக்கு வந்ததும் அவள் கோயிலுக்குப் போய்வந்தவளாகிவிட வேண்டியிருந்தது. இந்தப் பக்கத்தில் தவமலர் கொழும்பில் கார்மெண்ட்ஸில் தைக்கிறாள். வீட்டுக்குப் பக்கத்தவர்களுக்கும் அப்படித்தான், யாக்கோப்புக்கும் அப்படித்தான்.

“...என்ன? தவமலரா?”

அவள் ரிசீவரைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.

“...ஓம்... ஓம், சுகம்தான். இருக்கா... கடிதமா? வாறதுதான், இடைக்கிட... உங்கட மகள் றோஸ்மேரியும் அங்கதான் படிக்கிறா, போய்ப் பாப்பாவா? இல்ல வேணாம் அண்ணன், அது தூரம். அவவுக்கு ஏன் கரைச்சல்... விலாசமா? விலாசம் வீட்ட கிடக்கு. இப்ப அதில்லயே கதை. நீங்க பழுதக் கேளுங்க.”

குரலில் ஒரு சொட்டும் தழும்பவில்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியம். நேற்றும் அப்படித்தான். பக்கத்தில் நின்ற பெண்களெல்லாம் மண்ணில் விழுந்து புரண்டபோது, அவள் கொட்டகைக் கம்பில் ஏறும் எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் அழவில்லையே என்று யாரோ சொன்னது கேட்டது. யாருடைய தாய் என்று திரும்பிப் பார்த்தாள்.

“...கார் எவ்வளவு நேரம் நிண்டதா? நல்ல நேரம் நிண்ட... காலையில போய் வெயில் சாயுமட்டும். ஒரு மரத்துக்குக் கீழ... இஞ்சின் ஓடினதா? ஏன் ஓடப்போகுது, நிக்கிற காருக்கு?... தெரியா. நான் காரப் பாக்கல்ல அண்ணன். எனக்கு வேற வேலை இருந்த... போனற் தொறந்திருந்ததா எண்டா...”

அவள் நிறுத்தினாள். மறுமுனை இரண்டு தரம் கூப்பிட்டது.

“...இருக்கன். இருக்கன். யோசிக்கன்... போனற் தொறந்துதான் இருந்த. சூட்டுக்குத் தொறந்து வெச்சிருக்கான் எண்டு நெனச்சநான்... வயரா? ஓம். ரெண்டு வயர் போனது. சிவப்பொண்டு, கறுப்பொண்டு. போனற்றுக்குள்ளால வந்து, மண்ணோட மண்ணாக் கிடந்து, கொட்ட... மண்டபத்துக்குள்ள போனது. எனக்குக் காலில தடக்கின. தாண்டிப் போனநான்.”

சொல்லச் சொல்லத்தான் அவளுக்கே தெரிந்தது. கொட்டகையில் ஒலிபெருக்கி இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், இயக்கத்தின் கையிலிருந்த படுவான்கரையில் ஏது கரண்ட்? காலையில் ஒரு பற்றரியை வைத்துத்தான் சோக இசை போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் அந்த இசை தொய்ந்தது. நாதஸ்வரம் நோயாளி முனகுவது போலக் கீழே கீழே இழுபட்டுப் போனது. அது ஒன்றுதான் நேற்று முழுக்க அவள் காதில் சரியாக விழுந்த சத்தம். இது நின்றுவிட்டால் இனி எல்லாரும் தன்னைத்தான் பார்ப்பார்கள், தான் அழவேண்டியிருக்கும் என்று நினைத்தாள். அப்போது பக்கத்தில் குந்தியிருந்த அழகரத்தினம் எழும்பி வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் இசை நிமிர்ந்தது. பிறகு அடக்கம் முடியும்வரை தொய்யவேயில்லை.

“...ஓம், பாட்டுத்தான். ஸ்பீக்கர். ஒருக்கா இழுபட்டு இழுபட்டுப் போச்சி, மறுகா நிமிந்திட்டு... அதுக்கா இந்த வயர்?... சும்மா ஓட விட்டா டைனமோ சார்ஜ் ஏத்தாதா?... றேஸ் பண்ணிக்கிட்டே இருக்கணுமா. ஆரு அவ்வளவு நேரமும் கால வெச்சிக்கிட்டு இருக்கிற?... ஓ.”

“...ஓம் அண்ணன். கல்லொண்டு கிடந்த. அரைச் செங்கல். ஏறக்குள்ள தம்பிர காலடியில பாத்தநான். ஏன் இது எண்டு கேக்கல்ல. அவனும் சொல்லல்ல. வந்த வழிக்கு நாங்க ஒரு சொல்லும் கதைக்கல்ல... அப்ப அக்சிலேற்றருக்கு மேல கல்ல வெச்சிட்டு... பகல் முழுக்க.”

அப்படியென்றால் காரில் ஒரு பழுதும் இல்லை. பெற்றோலை யாரும் உறிஞ்சவில்லை, ஒழுகவில்லை. போன இடத்தில்தான் எரிந்தது. சென்றிக்காரன் ஆருக்குக் கொடுத்தாய் என்று கேட்டது, அவன் நினைத்தபடி இல்லாவிட்டாலும், சரியான கேள்விதான். அழகரத்தினத்துக்கு அது தெரியும். பழுது என்று சத்தியம் பண்ணும்போதே தெரியும். உள்ளே கொண்டுபோகும்போது அவன் திரும்பி அவளுடைய முகத்தைப் பார்த்து, யாக்கோப்பண்ணனுக்கு ஒரு கோல் அடிங்க அக்கா என்று மட்டும் சொன்னான். பழுதைக் கண்டுபிடிக்க அல்ல. பழுதொன்றை உண்டாக்க.

அவளுக்கு அழுகை வரவேண்டிய இடம் இது. வரவில்லை. மூளை மட்டும் துடைத்துவைத்த சட்டி மாதிரித் துப்புரவாக இருந்தது.

“அண்ணன், ஒண்டு கேக்கன். கார் ஒண்டு திடீரெண்டு இப்பிடிப் பெற்றோல் குடிக்கிறதெண்டா என்ன பழுது வரணும்?... இல்ல, அது எனக்கு விளங்கிட்டு, கார்ல பழுதில்ல. பழுதிருந்தா எது எண்டு கேக்கன்... காபரேற்றருக்குள்ள மிதக்கிற குமிழா? பித்தளைக் குமிழ்... அதில ஊசித் துவாரம் விழுந்தா... ம்... பெற்றோல் உள்ளுக்கப் போய் அது அமிழ்ந்திரும். அமிழ்ந்தா பெற்றோல் வாற வழிய அடைக்க ஏலாது. வந்துகொண்டே இருக்கும்... ஆட்டினா உள்ளுக்கக் களக்களக்கெண்டு சத்தம் கேக்குமா? வெளியில நிக்கிறவனுக்கும் கேக்குமா?... அவன்ட காதடியில ஆட்டிக் காட்டலாம்.”

“...உங்கட கராச்சில அப்பிடி ஓட்டைக் குமிழ் ஒண்டு இல்லாமலா இருக்கும்?... கிடக்குதுதானே. கிடக்கும் எண்டு தெரியும்... சொல்றன். நீங்க வாறீங்க. அவங்களுக்கு முன்னால கழட்டுறீங்க. கழட்டக்குள்ள நல்லது உங்கட கைக்குள்ள போகுது, ஓட்டை வெளிய வருது... உங்கட கையா அண்ணன்? கடுதாசி விளையாட்டில உங்கட கையப் பாக்காத ஆள் ஆரு?... டூல் பெட்டியத் தொறந்து பாத்தாப் பாக்கட்டுமே. மெக்கானிக்கிர பெட்டிக்குள்ள பழைய குமிழ் கிடக்காம பூமாலையா கிடக்கும்?”

இதையெல்லாம் அவள் தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். பொலிஸ்காரன் சோடாவைக் குடித்துமுடித்துப் போத்தலைக் காலடியில் வைத்தான். அவன் பார்வை சுவரில் தொங்கிய கலண்டரில் இருந்தது. ஒரே கலண்டரை ஒரு ஆள் எவ்வளவு நேரம் பார்க்க ஏலும்?

“...பயம் எனக்கில்லையா?... தெரியும். முந்தி ஒருக்கா ஆமி உங்கள முழங்காலில வெச்சவங்க எண்டு தெரியும். மறக்கல்ல... சொல்லுங்க... சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கன்... கோயில்லதான் அண்ணன்... திருவிழா இல்லதான்... ஓம், திருவிழா முடிஞ்சிட்டுத்தான்... கோயில்ல ஜெனரேற்றர் இருக்கா? எனக்குத் தெரியா...”

யாக்கோப்பு எஞ்சினைப் பிரிக்கிற மாதிரிப் பொய்யைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார். திருவிழா இல்லாத நாளில், ஜெனரேற்றர் வைத்திருக்கிற கோயில், ஹயரிங் காரிலிருந்து வயர் இழுத்து எதற்கு ஒலிபெருக்கி போடவேண்டும்? அங்கே ஒலிபெருக்கி போடுகிறவர்கள் யார்? இயக்கக் கூட்டத்தைவிட வேறு எதற்குப் போடுவார்கள்? அன்னப்பூரணி அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவர் கத்தவில்லை. கத்தினால் நல்லது. அவர் மெதுவாகப் பேசினார், முடிவெடுத்த ஆள் பேசுகிற மாதிரி.

“...கூட்டத்துக்கு நாங்க ஏன் போகப்போறம்?... இல்ல... அப்பிடிச் சொல்லாதீங்க அண்ணன். தம்பி ஆர்ர கூட்டத்துக்கும் கார் ஓட்டுறவனில்ல... ஓம், உங்களுக்கும் பொம்புளப் புள்ள இருக்குதான்... ஓம், நீங்க சம்பாதிச்சி அனுப்பித்தான் றோஸ்மேரி படிக்கணும், தெரியும்... நான் பொய் சொன்னநான்தான். சொன்னநான்... வைக்காதீங்க. வெச்சிராதீங்க அண்ணன், திரும்பக் கிடைக்காது.”

வெளியே றோட்டில் ஒரு கனத்த வாகனம் வந்தது. கடைக்கூரைத் தகரம் அதிர்ந்தது. நல்லரத்தினம் எட்டிப் பார்த்துவிட்டு அவளைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்தான். அன்னப்பூரணி கூட்டின் ஓரத்தால் பார்த்தாள். பச்சை ட்ரக். பின்பக்கம் சீலை மடித்துவிட்டிருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. துறைப் பக்கமாக இறங்கிப் போனது.

பின்னேரம் என்றுதான் சொன்னார்கள். வெயில் இன்னும் உச்சியை விட்டு இறங்கவில்லை.

“...சத்தமா? ட்ரக் அண்ணன். துறைக்குப் போகுது... இப்பதான் போகுது. வெறும் ட்ரக்... இல்ல, அழல்ல. நான் அழுறேல்ல.”

வாங்கில் இருந்தவன் எழும்பி வந்து கூட்டின் அருகில் நின்றான். தன் முறை வந்துவிட்டது என்று நினைத்தானோ என்னவோ. கை நீட்டினால் தொடுகிற தூரம். சேர்ட்டுப் பையில் ஒரு பிள்ளையின் படம் துருத்திக்கொண்டு தெரிந்தது. நல்லரத்தினம் தொண்டையைச் செருமினான். மறுபடியும் செருமினான். குரலைத் தாழ்த்த வேண்டும் என்று அன்னப்பூரணிக்குத் தெரியும். தாழ்த்தத் தோன்றவில்லை. கொக்கட்டிச்சோலையிலிருந்து இவ்வளவு தூரம் வாய்க்குள் வைத்துக்கொண்டு வந்த ஒன்றை, இனியும் வைத்திருந்தால் தம்பியையும் அதோடு விழுங்கவேண்டிவரும்.

“யாக்கோப்பண்ணன், கேளுங்க. கூட்டமில்ல... கொஞ்சம் பொறுங்க, நான் சொல்றன். றோஸ்மேரிய ஒரு இடமும் அனுப்பாதீங்க. தவமலர் கொழும்பில இல்ல. எந்த நாளும் இல்ல. அந்தப் பக்கம்தான் இருந்தவ... ஓம்... ஓம். நேத்து அடக்கிட்டு வந்த நாங்க. எனக்குப் புள்ளைய மடியில எடுக்க விடல்ல. மாமன்காரனுக்கு ஒரு பிடி மண் போட்டதோட சரி. வேற ஒண்டும் செய்யக் குடுக்கல்ல அவனுக்கு. பாட்டு நிண்டுபோகப் பாத்த, அவன் நிண்டுபோகாமப் பாத்தான். அவ்வளவுதான் அவன் செஞ்ச... அதுக்குத்தான் அந்தப் பெற்றோல்.”

மறுமுனையில் கராச்சில் யாரோ இரும்பில் தட்டுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

“ஹலோ... அண்ணன்... ட்ரக் கிறுகித் திரும்பி வரமுந்தி நீங்க வந்து சேந்திருவீங்களா?”